தாயத்துக் கூட்டுக்குள் இருந்த கடுதாசி

இதில் ஒரு சொல் பொய்யானாலும் சொல்கிறவன் வாயில் சோறு மண்ணாகட்டும்.

எண்பத்தைந்தாம் ஆண்டு, கல்முனைச் சந்தைக்கு மீன் விற்கப் போன மசூரை ஆமிக்காரர் லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். செய்தி கேட்டதும் அவனுடைய நானா, மூத்தவன் ஜவுபர், வீட்டுக்கு ஓடிவந்தான். அப்படி ஏற்றப்பட்டுத் திரும்பி வந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணலாம்.

"வாப்பாவும் ஆமிதானே மகன்," என்றாள் உம்மா ஸாலிஹா. "பெரிய சண்டைக்குள்ள வெள்ளைக்காரனுக்கு லொறி ஓடின மனிசன். அந்தக் கடுதாசியக் காட்டு, புள்ளைய விடுவான்."

மவுத்தாகிப் போய்ச்சேர்ந்த வாப்பா கச்சிமுகம்மது பர்மாவில் லொறி ஓட்டியது ஊருக்கே தெரியும். ஒருநாள் கியர் இறுகி, நாற்பது மைலும் பின்பக்கமாகவே ஓட்டினார். துரத்தி வந்த ஜப்பான்காரர், லொறியின் முகம் தங்களைப் பார்த்திருக்கக் கண்டு, அதுதான் தங்களைத் துரத்துகிறதென்று ஓடிவிட்டார்கள். இன்னொருநாள் பாலமென்று நினைத்து முதலைகளின் முதுகில் ஆற்றைக் கடந்தார். ஒரு முதலைக்கு மட்டும் கொஞ்சம் நோவு.

"கடுதாசி எங்க உம்மா?"

"அவர் கழுத்துல கிடந்த கூட்டுக்குள்ள."

ஜவுபர் திடுக்கிட்டான். அந்த வெள்ளித் தாயத்துக் கூட்டுக்குள் குர்ஆனின் யாசீன் ஆயத்து இருப்பதாக நம்பி, காய்ச்சல் வந்த பிள்ளைகளுக்கெல்லாம் தெருவே இரவல் வாங்கிக் கட்டியது. கைகால் முகம் கழுவி வுளு எடுத்து, நகத்தால் மூடியின் அரக்கைச் சுரண்டினான். உள்ளே இங்கிலீசுக் கடுதாசி, அடியில் முத்திரை. வீட்டில் வாசிக்க ஆளில்லை. வெளியே கொண்டுபோய் வாசிப்பிக்க நேரமில்லை.

முகாம் வாசலில் காவல்காரனின் துவக்குக் குழல் நெஞ்சைத் தொட்டது. உள்ளே எவனோ கத்தினான். மசூரா என்று கேட்கக்கூடப் பயம். கலிமாவை மனதுக்குள் சொல்லியபடி கடுதாசியை நீட்டினான்.

"வாப்பா... ஆமி ட்ரைவர், சேர்."

அதிகாரி வாசித்தான். முகம் இறுகியது. மறுபடியும் முதலிலிருந்து வாசித்தான்.

"இது உன்ட அப்பா?"

"ஓம் சேர்."

அதிகாரி சிரித்தான். மேசையில் அடித்து அடித்துச் சிரித்தான். பக்கத்தில் நின்றவர்களுக்கும் வாசித்துக் காட்ட, அவர்களும் சிரித்தார்கள். உள்ளே கேட்ட கத்தலைவிட அந்தச் சிரிப்புக்குத்தான் ஜவுபர் அதிகம் பயந்தான். பிறகு அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடுதாசியைத் திருப்பிக் கொடுத்து, பிடித்தவனை விடச் சொல்லிக் கையசைத்தான். மசூர் ஒற்றைச் செருப்போடு வெளியே வந்தான்.

"அதில என்ன நானா எழுதியிருக்கு?"

"வாப்பாட வீரம்டா. திரும்பிப் பாக்காம நட."

பிறகொரு நாள் இங்கிலீசு வாத்தியார் அப்துல் ஸமட் அதை வாசித்துச் சொன்னார்: 'கச்சிமுகம்மது, சாரதிப் பரீட்சையில் லொறியைப் பின்பக்கமாகச் சமையற்கட்டுக்குள் ஏற்றியதால் படைக்கு எடுக்கப்படவில்லை.'