இரண்டாம் பக்கத்தின் கீறல்

ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக்குக் கோபம் வரக் காரணமே தேவையில்லை. அன்றைக்குக் காரணமும் இருந்துவிட்டது. காலையில் பார்சலில் வந்த ரெக்கார்டைச் சுழலவிட்டுக் கேட்டவர், அதன் உறையைத் தூக்கிச் சோபாவில் வீசினார்.

"பாவிங்க! என் வெட்டைக் காணோம். ஒட்டுப் போட்டுட்டானுங்க!"

ஜன்னலோரம் யார் வீட்டுக்கோ திரைச்சீலை தைத்துக்கொண்டிருந்த மனைவி தலையை நிமிர்த்தவில்லை. அவளுக்கு இந்தக் கத்தல் மெஷின் சத்தத்தோடு சேர்ந்துபோய் வெகுகாலமாயிற்று.

மனிதர் நாற்பத்தைந்து வருடமாகப் பங்க் கேட்கிறார், கோபத்தைக் கத்தித் தீர்க்கும் அந்த ராக் இசையை. அவருடைய அபிப்பிராயங்கள் பழுதான லிஃப்ட் மாதிரி, என்ன செய்தாலும் ஒரு மாடிகூட இறங்காது. பங்க் குழு என்றால் முதல் ஆல்பத்தை நாலே நாளில் அடித்துப்பிடித்துப் பதிந்திருக்க வேண்டும். இரண்டாவதற்குள் பாவிகள் வாசிக்கக் கற்றுக்கொண்டுவிடுவார்கள், அத்தோடு கதை முடிந்தது. பங்க்குக்குப் பின்னால் மின்னணுக் கீபோர்டோடு வந்த நியூ வேவ் இசையைக் கேலி செய்கிறவர்களைக் கண்டாலும் அவருக்கு ஆகாது. சின்தசைசர் வைத்தால் கோபம் போய்விடுமா என்ன? கத்துகிறவனைவிடப் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருக்கிறவனுக்குத்தான் கோபம் அதிகம் என்பார். வீட்டில் இல்லை, வெளியில்தான் சொல்வார்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரே ஒரு ஆல்பம். ஐந்நூறு பிரதிதான் போட்டார்கள், ஊரிலேயே இவரிடம் மட்டும்தான் இருந்தது. அதில் இரண்டாம் பக்கம், மூன்றாம் பாட்டு. பாடகி ஒரு வரியைப் பாடிக்கொண்டிருக்கும்போதே சொல் பாதியில் அறுந்து, பாட்டு நேரே டிரம்ஸின் வெடிக்குத் தாவும். ரெக்கார்டில் அந்த இடத்தில் மெல்லிசாக ஒரு கோடு. ஐந்நூறு பிரதியிலும் குழுவே கையால் கீறி அனுப்பியது என்று இவராக முடிவு கட்டி, பத்திரிகைகளுக்கு எழுதினார். உலகத்தில் பதிவான கோபங்களிலேயே சுத்தமானது அதுதான் என்று கல்யாண வீடுகளில் சண்டை போட்டார். காலையில் வந்த புதுப் பதிப்பிலோ அந்தப் பாடகி வரியை முழுசாக, சமர்த்தாகப் பாடி முடிக்கிறாள்!

"பதினோரு மணிக்கு இந்த ரெக்கார்டைப் பத்திப் பேச ரேடியோவுல இருந்து போன் வரும். நேரடி ஒலிபரப்பு. கம்பெனிக்காரன் மானத்தை வாங்குறேன் பாரு."

தையல் மெஷின் நின்றது.

"அதைப் பேசாதீங்க. ஊரே சிரிக்கும்."

"எதுக்குச் சிரிக்கும்?"

"புதுசுதான் சரி. அந்தக் கோடு போட்டது அவங்க இல்ல. நான்."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "உளறாத! பெத்த புள்ள மாதிரி வச்சிருந்தேன் அதை."

"பெத்த புள்ளைக்கு அன்னைக்கு நூத்திநாலு டிகிரி காய்ச்சல்" என்றாள். "வாங்கிட்டு வந்ததும் முதல் பக்கத்தையே மூணு தடவை போட்டீங்க. சத்தத்தைக் குறைங்கன்னு கெஞ்சினேன். பங்க்கைக் குறைச்சு வச்சுக் கேக்கக் கூடாதுன்னீங்க. அப்புறம் எங்கயோ லிஃப்ட் மாட்டிக்கிச்சுன்னு கிளம்பிட்டீங்க. புள்ளையை மடியில போட்டுக்கிட்டே, நீங்க இன்னும் கேக்காத பக்கத்தைத் திருப்பி வச்சு, ஊசியால ஒரே இழு."

"நாப்பது வருஷம்! நாப்பது வருஷமா என்னைப் பைத்தியக்காரனாக்கியிருக்க! வாயில என்ன இருந்துச்சு உனக்கு?"

"வந்து கேட்டதும் குதிச்சீங்களே, ஆகா, என்ன கோபம், என்ன கோபம்னு! ஊர் பூரா என் கோபத்துக்குப் பாராட்டு. வீட்டுல ஒரு நாள் கேட்டிருப்பீங்களா, உனக்கு என்னன்னு?"

அவள் மீது வந்த கோபம் பாதி வழியில் திரும்பி அவர் மேலேயே விழுந்தது. போன் அடித்தது. மூன்றாவது மணியில் எடுத்தார்.

"வணக்கம் சார்!" என்றார் அறிவிப்பாளர் உற்சாகமாக. "அந்தப் புகழ்பெற்ற வெட்டிலிருந்தே ஆரம்பிப்போம். அந்தக் குழுவுக்கு அப்படி என்ன கோபம்?"

"குழுவோடது இல்லீங்க அது." அவர் தொண்டையைக் கனைத்தார். "என் மனைவியோடது."

அந்தப் பக்கம் சிரிப்பு. "ஏன் சார், என்ன பண்ணினீங்க?"

"சத்தத்தைக் குறைக்கச் சொன்னா. நான் குறைக்கல."

அவள் சிரிக்கவில்லை. துணியை மடியிலிருந்து இறக்கி வைத்தாள்.

"காய்ச்சலையும் சொல்லுங்க" என்றாள்.