ஒன்றரை முழ ஒயர்

அன்று காலை பதினோரு மணிக்கு விசாரணை அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். மேலாளர், சன்னலுக்கு முதுகு காட்டிச் சுழல் நாற்காலியில். அவருக்கு வலப்பக்கம் பணியாளர் பிரிவு அதிகாரி, மடியில் கோப்போடு. மேசையின் ஓரத்தில் நான், குறிப்பெடுக்க. நான்காமவர் எங்கள் எல்லாருக்கும் எதிரே. அவருக்கென்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். அவர் உட்காரவில்லை. அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"முதல்ல உட்காருங்கம்மா" என்றார் மேலாளர்.

"இருக்கட்டும் சார். உட்கார்ந்து உட்கார்ந்துதான் இங்க வந்து நிக்கிறேன்."

அதிகாரிக்குச் சிரிப்பு வந்தது. மேலாளரின் முகத்தைப் பார்த்ததும் வந்த வழியே போய்விட்டது.

எங்கள் அலுவலகம் ஊருக்குத் தண்ணீர் விடும் அலுவலகம். தண்ணீர் வரவில்லை என்று தொலைபேசியில் திட்டுகிறவர்களுக்கு நாற்பது பேர் ஒரு கூடத்தில் உட்கார்ந்து பதில் சொல்கிறார்கள். அதில் பதினான்கு வருடமாக முதல் வரிசையில் இருக்கும் இவருக்கு 'வெண்கலம்' என்று பெயர். குரலுக்காக வைத்தது. சர்க்கரை வந்து பன்னிரண்டு வருடம். போன வருடம் செருப்பு கடித்த சுண்டுவிரல் புண் ஆற ஐந்து மாதம் ஆனது. மருத்துவர் கையிலும் கணுக்காலிலும் பட்டை கட்டி அழுத்தம் பார்த்துவிட்டுச் சொன்னதை, மறுநாள் தேநீர் நேரத்தில் எங்களிடம் அப்படியே ஒப்பித்தார்.

"ரத்தக்குழாய் என்ன இரும்பாம்மான்னு கேக்குறாரு. ரத்தம் ஓட ஓட விரிஞ்சு குடுக்குற சதையாம் அது. சர்க்கரை பாதி விறைப்பாக்கிடுச்சு, மீதியை நீங்க எட்டு மணி நேரம் காலை மடக்கிவெச்சு முடிக்கிறீங்கங்குறாரு. அரை மணிக்கு ஒருதரம் எழுந்து மூணு நிமிஷம் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கணுமாம். இன்னொரு புண்ணு வந்தா விரலோட நிக்காது, பாதத்தையே எடுக்கணுமாம்."

"மாத்திரை போட்டா போதாதாக்கா?" என்று யாரோ கேட்டார்கள்.

"மாத்திரை நான் முழுங்குறேன். நாற்காலி என்னை முழுங்குதே."

தலையில் மாட்டும் தொலைபேசியின் ஒயர் ஒன்றரை முழம். எழுந்தால் அதைக் கழற்றவேண்டும். கழற்றினால் மேலாளரின் திரையில் 'இருக்கை காலி' என்று சிவப்பாக விழும். அவ்வளவுதான் விஷயம். இதற்குத்தான் விசாரணை.

"ஒரு மாசத்துல முந்நூத்திப் பன்னிரண்டு தடவை" என்றார் மேலாளர். "எத்தனை பேர் போன் அடிச்சு ஓஞ்சிருப்பாங்க?"

"ஒருத்தர்கூட இல்ல சார். பக்கத்து சீட்டுக்குத் தானா போயிடும்."

"இன்னிக்கு உங்களை விட்டா நாளைக்கு நாற்பது பேரும் எழுந்து ஆடுவாங்க."

"ஆடட்டுமே சார். உங்களுக்கும் சர்க்கரைன்னுதான் கேள்வி. நீங்களும் வாங்க."

மேலாளரின் நாற்காலி அரைவட்டம் போய்த் திரும்பியது. வெண்கலம் பையிலிருந்து மூன்று தாள்களை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"நான் கேட்டது சம்பள உயர்வு இல்ல சார். நீளமா ஒரு ஒயர். நின்னுக்கிட்டே பேசிடுவேன். மூணு தரம் எழுதிக் குடுத்தேன். மூணு தரமும் பதில் வந்துச்சு." என் பக்கம் திரும்பினார். "அண்ணே, நீங்களே படிங்க. உங்க தமிழ்தானே."

எடுத்துப் படித்தேன். 'தங்கள் மனு பெறப்பட்டது. தங்கள் பகுதியில் சீரமைப்புப் பணிகள் விரைவில் தொடங்கும். அதுவரை ஒத்துழைக்க வேண்டுகிறோம்.' கீழே என் சுருக்கொப்பம். மூன்றிலும் அதே மூன்று வரி.

அலுவலகத்துக்கு வரும் மனுக்களுக்குப் பதில் எழுதுவது என் வேலை. ஏழு வகைப் பதில்கள் வைத்திருக்கிறேன், எண் போட்டு. இது நான்காவது. கூடத்துக்கும் என் அறைக்கும் நடுவில் ஒரு தடுப்புதான். தினமும் 'வரேண்ணே' என்று சொல்லிவிட்டுப் போகிறவர், தன் காலைக் காப்பாற்றக் கேட்டு எழுதியதை மூன்று முறை கையில் வாங்கி, முதல் வரியைத் தாண்டாமல், நான்காவதைப் போட்டு அனுப்பியிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதுவதில் எனக்குத்தான் முதல் பரிசு. காதுமடல் கொதித்தது.

மேலாளர் சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. "சரி சரி, ஒயர் கதை தனி. குறிப்புல அது வேண்டாம். இப்படி எழுதுங்க. 'ஊழியர் தன் தவறை உணர்ந்து, இனிப் பணிநேரத்தில் இருக்கையை விட்டு எழுவதில்லை என ஒப்புக்கொண்டார்.'"

"நான் எங்க சார் ஒப்புக்கிட்டேன்?"

"கையெழுத்துப் போட்டா ஒப்புக்கிட்ட மாதிரிதான். இல்லேன்னா திங்கக்கிழமையிலருந்து வரவேண்டாம்."

வெண்கலம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றரை. நாற்காலி முதுகை இரண்டு கையாலும் இறுகப் பற்றிக்கொண்டு குதிகால்களைத் தூக்கினார், இறக்கினார். மறுபடி தூக்கினார்.

"என்னம்மா இது, கேலியா?"

"நேரமாயிடுச்சு சார். மூணு நிமிஷம்."

மூன்று நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரிந்தது. பிளாஸ்டிக் நாற்காலி கிறீச்சிட்டது. அகலமான ரப்பர் செருப்புக்குள் அந்தச் சுண்டுவிரல் சாம்பல் நிறத்தில் இருந்தது. ஒவ்வொரு தூக்கலிலும் கெண்டைக்கால் சதை உருண்டு எழுந்து தளர்ந்தது. அதிகாரி பேனா மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தார், துடைப்பதற்கு அதில் ஒன்றுமில்லாமல். வாயைத் திற, மனுஷா, என்று அவரை மனத்துக்குள் வைதேன். என் வாயும் மூடித்தான் இருந்தது. அந்த ஆத்திரத்தில் பேனா முனை தாளைக் கிழித்தது.

முடித்து, நெற்றியைத் துடைத்துக்கொண்டு, பையை எடுத்தார். "கையெழுத்துப் போடமாட்டேன் சார். திங்கக்கிழமை வருவேன். வேணும்னா வாசல்ல நிறுத்திக்குங்க."

கதவு சாத்திக்கொண்டது. "எழுதிட்டீங்களா?" என்றார் மேலாளர்.

"எழுதிட்டேன் சார். சுத்தப் பிரதி எடுத்துட்டு வரேன்."

என் அறைக்கு வந்தேன். தலைமை அலுவலக இயக்குநருக்கு எழுதினேன். யார் எங்கே இருந்தார்கள், யார் என்ன சொன்னார்கள், சொன்ன வரிசையில். எழுதச் சொன்ன பொய் எது, அதைச் சொன்னது யார். மூன்று மனுக்களின் தேதி, மூன்று பதில்களின் தேதி, அந்தப் பதில்களை எழுதிய கை என்னுடையது. எனக்கு ஓய்வுபெற இன்னும் நான்கு வருடம் இருக்கிறது. அதை எழுதவில்லை. நயமாக ஒரு வரி வந்தது, அடித்தேன். இன்னொன்று வந்தது, அதையும் அடித்தேன். கடைசியில் இரண்டு பக்கமே மிஞ்சியது. கிழிந்த தாளையும் கூட வைத்து மடித்தேன்.

அஞ்சலகத்தில் பதிவுத் தபால் முகப்பில் எனக்கு முன்னால் இரண்டு பேர். உறையின் மடிப்பில் பசை தடவி, கட்டைவிரலால் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை அழுத்தினேன். ஓர் ஓரம் தூக்கிக்கொண்டு நின்றது. மறுபடி அழுத்தினேன். முகப்பிலிருந்த பெண் வாங்கி எடை போட்டு, முத்திரையை ஓங்கி இரண்டு குத்து குத்தி, திரும்பிப் பார்க்காமலே பின்னால் வீசினாள். வாய் திறந்து கிடந்த சாக்குப்பையின் விளிம்பில் பட்டு, ஒரு கணம் யோசிப்பதுபோல் சரிந்து நின்று, உறை உள்ளே விழுந்தது.