அழுக்கு ஸ்பாஞ்ச்

மனைவியைப் பிரிந்து தனி வீடு எடுத்ததும் நான் முதலில் வாங்கியது கட்டில் அல்ல, மீன் தொட்டி. காரணம் மேனேஜர். எட்டு வயது மகளுடைய தங்கமீன் அது. வேலை ஒன்றும் செய்யாமல் சுற்றிச் சுற்றி வந்து எல்லோரையும் முறைப்பதால் அவளே வைத்த பெயர்.

"அம்மாகிட்ட நான் இருக்கேன்ல, உங்ககிட்ட மேனேஜர் இருக்கட்டும்பா" என்றாள்.

மீன் இருக்கும் இடத்துக்கு மகளும் வந்துபோவாள் என்று நான் கணக்குப் போட்டேன். அவளுக்காகப் புதுத் தலையணைகூட வாங்கிவைத்தேன். மற்றபடி சாப்பிட்டேன், வேலைக்குப் போனேன், வந்தேன். எதுவும் உறைக்கவில்லை.

புதுத் தண்ணீரில் மீனைச் சும்மா விட்டுவிட முடியாது. அதன் கழிவே அதற்கு விஷம். அந்த விஷத்தைத் தின்று தீர்க்கும் பாக்டீரியா முதலில் ஃபில்டரில் குடியேற வேண்டும். தானாக வளர ரொம்ப நாளாகும். குறுக்கு வழி, மனைவி வீட்டில் மேனேஜர் இருக்கும் பழைய தொட்டியின் ஃபில்டர் ஸ்பாஞ்சில் ஒரு துண்டை அழுக்கோடு வெட்டி வந்து புதியதில் செருகுவது. அப்படியே செய்தேன். மீனே இல்லாத தொட்டிக்குத் தினமும் ஒரு சிட்டிகை தீனி வேறு. பாக்டீரியா பட்டினி கிடக்கக் கூடாதே.

வீட்டை ஒழுங்குபண்ண அக்கா வந்தாள். சாயங்காலம் நான் திரும்பியபோது ஸ்பாஞ்ச் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

"டேய், இந்தக் கருமத்தையா தண்ணிக்குள்ள வச்சிருந்தே? சோப்பு போட்டுக் கசக்கி எடுத்தேன். பாரு, புதுசு மாதிரி இருக்கு!"

"அக்கா, அந்த அழுக்குதான் வேணும்."

"அழுக்கா வேணும்?" அக்கா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "நேரத்துக்குச் சாப்பிடுடா."

வேறு நாளாக இருந்தால் வீட்டை இரண்டாக்கியிருப்பேன். அன்று கோபம்கூட வரவில்லை. ஒரு வாளியை எடுத்துக்கொண்டு, இன்னொரு துண்டு கேட்க மனைவி வீட்டுக்குப் போனேன்.

கூடத்தில் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. மகள் பாட்டு வகுப்புக்குப் போயிருந்தாள்.

"துண்டு எதுக்கு? முழுசா எடுத்துக்கங்க, மீனையும் சேத்து" என்றாள் மனைவி. "எனக்கு வேற ஊருக்கு மாத்தல் வந்திருக்கு. ரயில்ல ஒரு ராத்திரி தூரம். நானே போன் பண்ணிச் சொல்லணும்னு இருந்தேன்."

உட்கார்ந்து மரத்துப்போன காலை யாரோ மிதித்த மாதிரி இருந்தது. பட்டது தெரிந்தது, வலிக்கவில்லை. ஸ்பாஞ்சைப் பழைய தண்ணீரோடு வாளியில் போட்டேன். வலையை வைத்ததும் மேனேஜர் முறைத்துவிட்டுத் தானாகவே உள்ளே வந்தது.

வாசலில்தான் கேட்கத் தோன்றியது. "பாப்பாவுக்குத் தெரியுமா?"

"போன மாசமே சொல்லிட்டேன். அன்னைக்கே ஆரம்பிச்சுட்டா, மீனை உங்களுக்குத்தான் குடுக்கணும்னு. அப்பாவுக்கு வீட்ல யாருமே இருக்க மாட்டாங்களேன்னு ஒரே அழுகை."

அப்போதுதான் வலித்தது. தெருவில் எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். வாளியை இரண்டு கையாலும் பிடித்திருந்ததால் என்னால் முகத்தைத் துடைத்துக்கொள்ள முடியவில்லை.