பாட்டு முடியும் முன் ஒரு கைதட்டல்

1

இந்தக் கதையை நானாக எழுத உட்காரவில்லை. அக்கா போய்ச் சேர்ந்து சில மாதங்கள் கழித்து, அவளுக்குப் பிடித்த உள்ளூர்க் குழுவின் டிரம்ஸ்காரர் போன் செய்தார். "அண்ணா, போன வருஷக் கச்சேரிப் பதிவை வெளியிடப் போறோம். அதுல அக்கா இருக்காங்க. வந்து கேட்டுட்டு ஒரு வார்த்தை சொல்லிடுங்க." போக மனமில்லை. போனேன். திரும்பி வந்ததிலிருந்து ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை.

முதலில் எழுதிய தொடக்கம்: "இசை என்பது மனித மனத்தின்"

விட்டுவிட்டேன். எனக்கு இசை தெரியாது. அக்காவுக்கும் தெரியாது.

2

டயர் கடைக்கு மேலே ஒரு கூடம். பிளாஸ்டிக் நாற்காலிகள், நாலு பலகையில் ஒரு மேடை. உள்ளூர்க் குழுக்கள் வாசிக்கும்போதெல்லாம் அக்கா என்னை இழுத்துக்கொண்டு போவாள். கிடார் எது, பேஸ் எது என்று எனக்கு இன்றும் குழப்பம். (தடித்த கம்பி உள்ளதுதான் பேஸ் என்று நினைக்கிறேன். தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.) நான் கவனித்ததெல்லாம் வேறு. கீபோர்டுக்காரர் தப்பாக வாசித்துவிட்டுப் பக்கத்திலிருப்பவரை முறைப்பார். வயலின்காரர் கண்ணை மூடியிருப்பது ரசனையா தூக்கமா என்று கடைசி வரை பிடிபடாது.

அக்காவுக்குப் பல் மருத்துவரிடம் வரவேற்பில் வேலை. "பாடறவருக்குக் கடவாய்ப்பல் ஒண்ணு இல்லடா. அதான் அந்த இடத்துல காத்து வருது" என்று காதில் சொல்வாள்.

[அவளை அதிகம் கலகலப்பானவளாக எழுதுகிறேனோ? வீட்டில் சிடுமூஞ்சி. கச்சேரியில் மட்டும்தான் இப்படி. சரியா என்று கேட்க ஆள் இல்லை.]

3

டிரம்ஸ்காரரின் குழுவிடம் ஒரு பாட்டு உண்டு. நடுவே எல்லா வாத்தியமும் சட்டென்று நின்றுவிடும். ஒரு மூச்சு விட்டுப் பிறகு தொடரும். அந்த மூச்சில் அக்கா கைதட்டுவாள். ஒவ்வொரு முறையும். தலைகள் திரும்பும். என் காது சூடாகும்.

"இன்னும் முடியலக்கா."

"நிறுத்திட்டாங்கல்ல? அப்ப தட்டணும். பெரிய வித்துவான், சும்மா இருடா."

குழுவினர் அவளுக்கு 'முந்திரிக்கொட்டை அக்கா' என்று பெயர் வைத்தார்கள். பிறகு அவளுக்காகவே காத்திருக்க ஆரம்பித்தார்கள். டிரம்ஸ்காரர் குச்சிகளைத் தூக்கிப் பிடித்தபடி இருப்பார். கைதட்டல் விழும். சிரித்துக்கொண்டே அடிப்பார்.

5

(நான்காம் பகுதியில் மருத்துவமனை இருந்தது. எடுத்துவிட்டேன். எண்களை மாற்ற மனம் வரவில்லை.)

பதிவு அறை குளிர்ந்து கிடந்தது. ஒலிப்பதிவாளருக்கு என்னைத் தெரியாது. "பாட்டு பிரமாதமா வந்திருக்கு சார். நடுவுல ஏதோ ஒரு லூசு கைதட்டியிருக்கு. எடுத்துடலாம்" என்றார்.

"டேய், அது இவரோட அக்காடா" என்றார் டிரம்ஸ்காரர்.

"ஐயோ சார்..."

"பரவாயில்ல. எடுத்தா எப்படி இருக்கும்?"

எடுத்துவிட்டுப் போட்டார். பாட்டு நின்றது. நின்றுகொண்டே இருந்தது. அவளுக்காகக் காத்திருந்த நேரம் அப்படியே இருக்கிறதே.

"வாசிக்க மறந்துட்ட மாதிரி இருக்கு" என்றார் பாடகர்.

"அந்த இடைவெளியையும் சுருக்கிடலாம்" என்றார் ஒலிப்பதிவாளர். சுருக்கினார். பிசிறில்லாமல் வந்தது. யாரும் யாருக்காகவும் காத்திருந்த தடயமே இல்லை.

"நான் எழுதின பாட்டு இதுதான்" என்றார் பாடகர். "அக்கா மேல எனக்குப் பிரியம் இல்லாமலா? ஆனா எங்கேயோ உட்கார்ந்து கேட்கிறவன் என்ன நினைப்பான்? எவளோ விவரம் தெரியாதவள்னுதானே சிரிப்பான்?"

"சிரிக்கட்டுமே. நாம சிரிக்கலயா?" என்றார் டிரம்ஸ்காரர்.

"நம்ம சிரிப்பு வேற." பாடகர் என் பக்கம் திரும்பினார். "அண்ணா சொல்லட்டும். அவர் சொன்னா சரி."

6

ஒரு முடிவு: "இருக்கட்டும்" என்றேன். எல்லோர் கண்ணும் கலங்கியது. (பொய். டிரம்ஸ்காரர் நகம் கடித்துக்கொண்டிருந்தார்.)

இன்னொரு முடிவு: "எடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். தெருவுக்கு வந்து எந்தப் பக்கம் போவதென்று

இதுவும் வேண்டாம்.

நடந்தது இவ்வளவுதான். "எடுக்காததைப் போடுங்க" என்றேன். போட்டார். மறுபடியும் என்றேன். பாடகர் வெளியே போய்விட்டார். அடுத்த முறை பாட்டு நின்றவுடன், "நிறுத்துங்க" என்று கத்திவிட்டேன். திரையில் ஒலியின் கோடு தட்டையாகக் கிடந்தது. சற்றுத் தள்ளி, முள்செடி மாதிரி, அவள் கைதட்டல்.

"மேல போகட்டுமா சார்?"

நான் இன்னும் பதில் சொல்லவில்லை. டிரம்ஸ்காரரின் போனையும் எடுப்பதில்லை. உங்களுக்கு அவள் யாரோதான். வைக்கவா எடுக்கவா என்று ஒருவேளை உங்களால் சொல்ல முடியும். சொல்லுங்கள், அவசரமில்லை. பாட்டு நின்றிருக்கிறது. அக்கா மடியிலிருந்த கைப்பையை என்மேல் தள்ளிவிட்டு இரண்டு கைகளையும் தூக்கிவிட்டாள். இன்னும் ஒன்றையொன்று தொடவில்லை.