புளிமேட்டில் புலி

எங்கள் ஊருக்கு வரலாறு எழுதக் குழு போட்டார்கள். தலைவர் காளியப்பன், செயலாளர் அவருடைய மருமகன் நவநீதன். மகளிர் பிரதிநிதி வேண்டுமென்று, பாப்பாரப்பட்டிச் சந்தையில் புளி வியாபாரம் பார்க்கும் ஹமீதுன்னிசாவாகிய என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். டீ போட ஓர் ஆள் வேண்டாமா?

வேலை சுலபம். ஊர்க்காரர்கள் பழைய சங்கதிகளைச் சொல்வார்கள், நவநீதன் கைபேசியை நீட்டுவான், அது தானே எழுதிக்கொள்ளும். முதலில் பேசியவர் காளியப்பன். அவருக்கும் ளகரத்துக்கும் ஜென்மப் பகை. வெள்ளம் வந்தாலும் வெல்லம் வந்தது என்பார். நாங்கள் பழகிவிட்டோம், கைபேசிக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஊர்க்கோடிப் புளிமேட்டில் தன் பாட்டன் புளியங்கன்று நட்ட கதையை, "எங்க பாட்டன்தாங்க அங்க புலிக்குக் குழி வெட்டுனாரு" என்று ஆரம்பித்தார்.

நவநீதன் அதைக் கூட்டத்தில் அப்படியே உரக்கப் படித்தான். எல்லோரும் கைதட்டினார்கள். காளியப்பன் கொஞ்ச நேரம் விழித்தார். பிறகு மீசையைத் தடவிக்கொண்டு, "ஆமாங்க, பெரிய புலி" என்றார்.

நான் சும்மா இருப்பேனா?

"அட என்னங்க இது! அது புளியங்கன்னுக்கு வெட்டுன குழிங்க. அந்த மரம் இன்னும் நிக்குதே!"

"எழுத்துல ஆதாரம் இருக்குதுங்க. நீங்க டீயப் பாருங்க" என்றான் நவநீதன்.

அடுத்தடுத்த கூட்டங்களில் புலி வளர்ந்தது. கடைசியில் ஊரில் பாதிப் பேரைத் தின்று தீர்த்துவிட்டது. நாமெல்லாம் எப்படித்தான் பிறந்தோமோ, அல்லாவுக்கே வெளிச்சம். புலியைக் கொன்ற பாட்டனுக்கு அதே இடத்தில் சிலை வைப்பதென்று முடிவானது. இடத்தை மரம் அடைத்துக்கொண்டு நின்றது.

அந்த மரத்தைப் பஞ்சாயத்தில் வருஷா வருஷம் ஏலம் எடுப்பவள் பாஞ்சாலி. காயை உலுக்கி, ஓடு உடைத்து, கொட்டை எடுத்து எனக்குத்தான் போடுவாள். அவள் குடும்பம் சாப்பிட்டது அதில்தான். கூட்டத்துக்கே வந்துவிட்டாள்.

"அண்ணா, அந்த மரத்துல கை வெச்சா என் வூட்டுல அடுப்பு எரியாதுங்க. செலையக் கொஞ்சம் தள்ளி வெச்சுக்கலாமுங்களே?"

"வரலாறு தல்லி நடக்கலம்மா. அங்கதான் நடந்துச்சு. உங்கலுக்கு இதெல்லாம் புரியாது" என்றார் காளியப்பன்.

மரத்தை வெட்டிவிட்டார்கள். சிலை வந்தது; பாட்டன் காலடியில் கிடக்கும் புலி, கோடு போட்ட பனியன் மாட்டிய நாய் மாதிரி இருந்தது. புத்தகமும் வெளியானது, மாலை மரியாதையோடு. பாஞ்சாலி தொப்பூர் சாலையோர ஓட்டல் ஒன்றில் தட்டுக் கழுவப் போனாள்.

போன வாரம் அவளோடு பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தேன். நவநீதன் வந்தான். இரண்டாம் பாகம் போடுகிறார்களாம், 'மண்ணைவிட்டு மறைந்த மரங்கள்' என்று. கொஞ்சங்கூடக் கூசாமல் அவள் முகத்துக்கு நேராகக் கைபேசியை நீட்டினான்.

"அக்கா, அந்தப் புளியமரத்தப் பத்தி உங்க நினைவுகளச் சொல்லுங்க. அழுகை வந்தா அழுங்க, நல்லாத்தான் இருக்கும்."

பாஞ்சாலி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எந்த மரங்க தம்பி? அங்க புலிதானுங்களே இருந்துச்சு!"

பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.