ஒன்பதாவது பேர்

மூன்று மணிக்கே மஞ்சு இறங்கிவிட்டது. போடிமெட்டுக்கு மேலே ஏலக்காட்டில் ஒருதரம் மஞ்சு இறங்கினால் பக்கத்துச் செடியே தெரியாது, பக்கத்துப் பொம்பளையா தெரியப்போகிறாள்? அன்னக்கொடி குத்தவைத்தபடியே, தரையோடு கிடந்த சரத்தை இடது கையால் ஏந்தி, முற்றின காய்களை மட்டும் வலது கையால் கிள்ளி மடியில் போட்டாள். கெண்டைக்காலில் ஏறியிருந்த அட்டையை மூக்குப்பொடி தடவி உதிர்த்தாள். பிறகு நிமிராமலே குரலெடுத்தாள்.

"மஞ்சு எறங்கிருச்சு, மடி நெறஞ்சிருச்சு, மாயக்கா எங்கன நிக்கிறே?"

"இங்கன நிக்கிறேன்" என்று சரிவுக்குக் கீழிருந்து மாயக்காள் இழுத்துப் பாடினாள். அடுத்து அன்னக்கொடி பொன்னுமணியைக் கூப்பிட்டாள், அதற்கடுத்து ராமுத்தாயை. அந்தச் செட்டில் அவளைத் தவிர எட்டுப் பொம்பளைகள். ஒருத்தி பதில் சொல்லாவிட்டாலும் மற்றவர்கள் ஜீப்பில் ஏறமாட்டார்கள், கங்காணி காசிமாயன் எவ்வளவு கத்தினாலும் சரி.

எட்டுப் பேரும் பதில் சொன்னபின் அன்னக்கொடி ஒன்பதாவதாக ஒரு பேரைக் கூப்பிட்டாள். "சந்திரவல்லி எங்கன நிக்கிறே?" பதில் வரவில்லை. மூன்று மூச்சு விடுகிற நேரம் எல்லோரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். அப்புறம் கூடைகளைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள்.

சந்திரவல்லி அன்னக்கொடியின் மகள், பதினாறு வயசு. போன ஆடியில் மெட்டு வளைவில் ஜீப்பு உருண்டபோது செத்துப்போனாள். செட்டில் ஒருத்தி செத்தால் அவள் பேரைக் கடைசியாகக் கூப்பிட்டுக் காத்திருந்துவிட்டுத்தான் இறங்குவது அவர்கள் வழக்கம். வருசம் திரும்பியதும் விட்டுவிடுவார்கள். செத்தவளை அதற்குமேல் காட்டில் நிறுத்திவைக்கக் கூடாது என்பார்கள்.

ஆனால் தோட்டத்து ஆபீசில் அப்படி ஒரு பிள்ளை வேலை செய்யவே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். செக்ரோல் என்கிற ஆள்கணக்குப் புத்தகத்தில் அவள் பேர் கிடையாது. வேலையை விட்டு நின்றுபோன ஒரு கிழவியின் பேரில்தான் மூன்று வருசமாய் அவளைக் காய் எடுக்க விட்டிருந்தான் காசிமாயன். ஜீப்பில் ஓசியில் ஏறிவந்த பிள்ளை என்று எழுதிக் காகிதத்தை மூடிவிட்டார்கள். அன்னக்கொடி நாலு மாசம் ஆபீஸ் வாசலில் போய் நின்று பார்த்தாள். அவள் பெற்ற பிள்ளை அந்தக் காட்டில் மழையில் நனைந்தாள் என்பதற்கு சாயங்காலம் கூப்பிடுகிற அந்த ஒரு பேர்தான் மிச்சம் இருந்தது. அதுவும் வருகிற ஆடியோடு சரி.

அன்றைக்கு லோடு ஏற்ற வந்திருந்த கன்னையன் மஞ்சுக்குள் அசையாமல் நின்று இதைக் கேட்டான். போடியில் ஒரு கடையில் ஏலக்காய் சலிக்கிறவன் அவன். கல்யாண வீடுகளில் 'ஏலமலை பாய்ஸ்' என்ற பேரில் எலெக்ட்ரிக் கிதார் வாசித்தான். கூட்டாளி மலைச்சாமி டிரம்மும் உறுமியும் அடித்தான். மெட்ராஸில் ஒரு ரெக்கார்டு கம்பெனிக்காரர் இவர்கள் வாசிப்பைக் கேட்டுவிட்டு, சினிமாப் பாட்டு வேண்டாம், உங்க மலைப் பாட்டு ஏதாவது கொண்டுவாங்க, சின்னத் தட்டாகப் போடலாம் என்று சொல்லியிருந்தார். சல்லடையைப் போட்டுவிட்டு ஓடிவிட அதுதான் வழி என்று கன்னையன் நம்பிக்கொண்டிருந்தான்.

அதைத் தட்டில் பாடித்தரச் சொல்லி அவன் கேட்டதும் அன்னக்கொடி முடியாது என்றாள். இது பாட்டா, வேலை என்றாள். மறுவாரமும் போய்க் கேட்டான். அவள் யோசித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அந்தத் தட்டுல எம்மக பேரு இருக்குமா அப்பு?"

"நீங்க பாடுனா இருக்கத்தானக்கா செய்யும்."

"எம்புட்டு நாளைக்கு இருக்கும்?"

"ஒடையாத வரைக்கும் இருக்கும்."

எழுபத்தொன்பது மாசியில், காய் எடுப்பு முடிந்திருந்த சமயம், போடியில் மெட்ராஸுக்கு ரயிலேறினார்கள். பதில் பாட மாயக்காளும் கூட வந்தாள். ரெக்கார்டிங் அறையில் மைக் முன்னால் நிற்கவைத்ததும் அன்னக்கொடிக்குக் குரல் வரவில்லை. அவள் ஒருநாளும் நின்றுகொண்டு பாடியதில்லை. காலை முழுக்க வீணாய்ப் போனது. கடைசியில் மைக்கைத் தரையளவுக்கு இறக்கினார்கள். குத்தவைத்து, இல்லாத சரத்தை ஏந்தி, இல்லாத காயைக் கிள்ளிக்கொண்டே பாடினாள். அவள் கை ஓடுகிற ஓட்டத்துக்குத்தான் மலைச்சாமி டிரம் அடிக்க வேண்டியிருந்தது. ஒன்பதாவது பேர் வந்ததும் அவள் நிறுத்திவிட்டு, அங்கே மட்டும் அடிக்காதே தம்பி என்றாள். அடுத்த தடவை அந்த இடம் வந்தபோது அவன் இரண்டு கையையும் தோலின் மேல் பொத்திவைத்துக்கொண்டான். மூன்று மூச்சு நேரம் அறையில் ஒரு சத்தமில்லை. மாயக்காள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

பொம்பளைகள் சாப்பிடப் போயிருந்தபோது ஒலிப்பதிவுக்காரர் கன்னையனைக் கூப்பிட்டார். தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்றரை நிமிசம்தான் பிடிக்கும், பாட்டு மூன்றே முக்கால் நிமிசம் போகிறது என்றார். ஆரம்பத்துக் கிதாரை எடுக்கலாம், இல்லாவிட்டால் கடைசிப் பேரையும் அதற்கப்புறம் சும்மா இருக்கிற இடத்தையும் எடுக்கலாம், நீயே சொல் என்றார். நாலு வருசம் சலித்த தூசி போகாத தன் நகங்களையே கன்னையன் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கிதார் இல்லையென்றால் தட்டில் அவன் எங்கே இருக்கிறான்? கடைசியை எடுத்துடுங்க சார் என்றான். அவர் பிளேடால் டேப்பை நறுக்கினார். எட்டாவது பேரோடு சத்தம் மெல்லமெல்லத் தேய்ந்து முடிகிற மாதிரி செய்துகொடுத்தார்.

திரும்பி வரும்போது திண்டுக்கல் தாண்டியதும் அன்னக்கொடி கேட்டாள். "பேரு விழுந்துருச்சில்ல அப்பு?"

"விழுந்துருச்சுக்கா" என்று சொல்லிவிட்டு அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஆனி கடைசியில் தட்டு வந்தது. போடி பஸ்சு ஸ்டாண்டுக்குப் பக்கத்து சவுண்டு சர்வீஸ் கடையில் போட்டார்கள். வேலை முடிந்து ஈரச்சேலையோடு வந்து அன்னக்கொடி வெளியே நின்று கேட்டாள். கிதார் வந்தது, அவள் குரல் வந்தது, எட்டுப் பேரும் வந்தார்கள். அப்புறம் முள் வெறுமனே கரகரத்தது. முள் தாண்டிக் குதித்திருக்கும் என்று நினைத்து, இன்னொருக்கா போடச் சொன்னாள். போட்டார்கள். மூன்றாம் தடவையும் போடச் சொன்னபோது கடைக்குள் நின்ற கன்னையனால் தாங்க முடியவில்லை. அவளைத் தனியே கூட்டிப்போய், எடம் பத்தலக்கா, கடைசிய வெட்டிட்டாங்க, நாந்தான் வெட்டச் சொன்னேன் என்று ஒப்புக்கொண்டான்.

அவள் அடிப்பாள் என்றுதான் நினைத்தான். அடித்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"மொதல்ல கூப்புட்டிருந்தா இருந்திருக்குமா?" என்று கேட்டாள்.

"இருந்திருக்கும்க்கா."

"எப்பிடி அப்பு கூப்புடுவேன்? உசுரோட நிக்கிறவளத்தான மொதல்ல கூப்புடணும்." சொல்லிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "வழக்கத்தக் கட்டிக்கிட்டு எம்பிள்ளைய நானே தொலைச்சுப்புட்டனே" என்று நடுரோட்டில் உட்கார்ந்து அழுதாள்.

ஆடி பிறந்து வருசம் திரும்பியது. அன்று சாயங்காலம் எட்டுப் பேரோடு நிறுத்திக்கொண்டார்கள். அன்னக்கொடியும் நிறுத்திக்கொண்டாள்.

அந்தத் தட்டு போடி, தேனி கடைகளில் ஓடத்தான் செய்தது. ஜீப்பு டிரைவர்கள்கூட முணுமுணுத்தார்கள். கம்பெனி இன்னொரு தட்டுக்குக் கூப்பிடும் என்று காத்திருந்த கன்னையன் சல்லடைக்கே திரும்பிப் போனான். ஆவணியில் தோட்டத்து முதலாளி அதை வாங்கிவந்தார். தன் தோட்டத்துப் பொம்பளை பாடிய தட்டு என்று அவருக்கு ஏகப் பெருமை. பேட்டரி செட்டு வைத்து ஸ்டோர் வாசல் மரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டச் சொன்னார். முதல் நாள் பொம்பளைகள் சிரித்துக்கொண்டே தங்கள் பேருக்குப் பதில் சொன்னார்கள். டிரம் சத்தத்துக்குக் கை தன்னால் வேகமாக ஓடுகிறதைக் காசிமாயன் இரண்டாம் நாளே கண்டுகொண்டான். மூன்றாம் நாளிலிருந்து காலை எட்டு மணிக்குப் பாட்டு ஆரம்பித்தது. முள் கடைசிக்குப் போனதும் எடுத்து மறுபடி முதலில் வைத்தார்கள். எடுப்பு ஆளுக்கு ஒரு கூடை கூடியது. அப்புறம் அந்தக் கூடையும் அன்றாடம் எடுத்தே தீரவேண்டிய கணக்கில் சேர்ந்துவிட்டது.

அன்னக்கொடி குத்தவைத்துக் கிள்ளிக்கொண்டிருந்தாள். மேலேயிருந்து அவள் குரலே ஒவ்வொருத்தியையும் எங்கன நிக்கிறே, எங்கன நிக்கிறே என்று விரட்டியது. யாரும் பதில் சொல்லவில்லை, சொல்ல நேரமில்லை. எட்டாவது பேர் தேய்ந்து அடங்கியது. அவள் கையை நிறுத்திவிட்டு வாயைத் திறந்தாள். "சந்திர..." என்பதற்குள் முள்ளைத் தூக்கி வைத்துவிட்டார்கள். கிதார் கிளம்பியது.

"ஏ அன்னக்கொடி, கை ஏன் நிக்குது? வெரசா எடு" என்றான் காசிமாயன்.

அவள் அடுத்த சரத்தை ஏந்தினாள்.