விசாரிக்கப் போனவள்

பெரிய இரும்புக் கதவில் ஓர் ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு வெட்டிய சின்னக் கதவு, அது பாதி திறந்து நிற்கிறது, அந்தப் பாதியில் ஒரு கண், ஒரு மூக்குத்தி, காக்கிச் சட்டையின் ஒரு தோள், யாரப் பாக்கணும் என்று அந்தக் கண்ணே கேட்பது போல இருக்கிறது, ஆவுடையம்மாள் வாயைத் திறக்கிறாள், எத்தனையோ தெருக்களில் எத்தனையோ பொய்களை முகம் மாறாமல் சொல்லிப் பழகியவளுக்கு இப்போது சொல் வரவில்லை, பின்னால் மதுரை வெயில், பஸ்களின் ஆரன், முந்தானையில் முடிந்துவைத்த கோமதியம்மன் கோயில் புற்றுமண், தாயே நீதான் கூட நிக்கணும் என்று அதை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்கிறாள். விசாரிக்கப் போவது அவளுக்குப் புதிதில்லை, சங்கரன்கோவிலில் அவர்கள் சொந்தத்தில் எந்த வீட்டுக்கு வரன் வந்தாலும் ஆவுடையை அனுப்பு என்பார்கள், அவள் மாப்பிள்ளை வீட்டுப் பக்கமே போகமாட்டாள், அந்தத் தெரு மாவு மில்லுக்குப் போவாள், இஸ்திரி போடுகிறவரிடம் போவாள், வாடகைக்கு வீடு பார்க்க வந்தேன் என்பாள், பேச்சோடு பேச்சாகப் பையன் குடிப்பானா, அவன் அம்மா வாய் எப்படி என்பதையெல்லாம் உருவிக்கொண்டு வந்துவிடுவாள், யாராவது கேட்காமலே புகழ்ந்தால் மட்டும் இன்னும் நாலு வீடு தள்ளிப் போய் விசாரிப்பாள், ஏனென்றால் அவளுடைய கல்யாணத்துக்கு அவள் அப்பா விசாரிக்கப் போனபோது தெருவே திரண்டு மாப்பிள்ளையைப் புகழ்ந்தது, பையன் பன்னிரண்டு படித்திருக்கிறான், தங்கமான பிள்ளை என்றது, தாலி ஏறிய பிறகுதான் தெரிந்தது அவர் எட்டாவதோடு நின்றவர் என்பதும், தெருவுக்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்கள் என்பதும், தங்கம் என்றது மட்டும் பொய்யாகவில்லை, அது அம்மன் பார்த்துச் செய்தது, தெரு செய்ததில்லை.

இன்று அவள் விசாரிக்க வந்திருப்பது மாப்பிள்ளையை இல்லை, ஒரு கல்லூரியை. மகள் நாச்சியாருக்கு இந்தப் பெண்கள் கல்லூரியில் தாவரவியல் படிக்க இடம் கிடைத்திருக்கிறது, விடுதியில் தங்கித்தான் படிக்க வேண்டும், திங்கட்கிழமைக்குள் சேராவிட்டால் இடம் வேறொரு பிள்ளைக்குப் போய்விடும், நாத்தனார் வடிவு ராஜபாளையத்திலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டாரைக் கூட்டிக்கொண்டு வரவா வரவா என்று போன் மேல் போன் போடுகிறாள், பூக்கமிஷன் கடையில் மல்லிகைக் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்தபடி அவள் வீட்டுக்காரர் பேச்சிமுத்து சொல்லிவிட்டார், எனக்குக் காலேஜப் பத்தி என்ன தெரியும் ஆவுடை, நீ போய் விசாரி, நீ சேக்கலாம்னா சேப்போம், வேண்டாம்னா அக்கா சொல்லுத இடத்தப் பாப்போம், ராத்திரி வீட்டில் நாச்சி தட்டிலிருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், பிறகு தலையைத் தூக்காமல், எந்த வீட்டுக்குப் போனாலும் குறை கண்டுபிடிக்காம நீ வந்ததே இல்லையே யம்மா, எங் காலேஜ மட்டும் விட்டுருவியாக்கும் என்றாள், அந்தச் சோறு அப்படியே இருக்கிறது, பஸ்ஸில் வரும்போதும் இருந்தது, இப்போதும் கண்ணுக்குள் இருக்கிறது. போன வாரம் வேறொரு கல்லூரிக்குப் போனாள், பஸ் ஸ்டாண்டிலேயே ஓர் ஆள் வந்து வாங்கம்மா வாங்கம்மா என்று வேனில் ஏற்றிக்கொண்டான், குளிரக் குளிர ஓர் அறை, பாதாம் பால், டை கட்டிய ஒரு பையன், இனிமே உங்க பிள்ளை எங்க பிள்ளைம்மா என்று சிரித்துக்கொண்டே, ஒரிஜினல் சர்டிபிகேட்டக் குடுத்துட்டுப் போங்க, எங்ககிட்ட பத்திரமா இருக்கும் என்று கையை நீட்டினான், ஆவுடை பாதி குடித்த பாலை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தாள், பெத்தவ நான் குத்துக்கல்லு மாதிரி இருக்கேன், எம் பிள்ளை உனக்கு எதுக்குய்யா என்று சொன்னாளா, சொல்லத்தான் நினைத்தாளா, இப்போது சரியாக நினைவில்லை, நாக்கில் அந்த இனிப்பு மட்டும் சாயங்காலம் வரை போகவில்லை.

அதனால்தான் இங்கே சொல்லாமல் கொள்ளாமல் வந்தாள், முதலில் எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில் கேட்டாள், இந்தக் காலேஜ் பிள்ளைக எல்லாம் எப்படி அண்ணாச்சி, கடைக்காரர் ஏறிட்டுப் பார்த்தார், எனக்கு ஜெராக்ஸ் எடுக்கத்தாம்மா தெரியும், பிள்ளைகளப் பத்தி எங்கிட்ட கேக்காதீங்க என்று திரும்பிக்கொண்டார், வாயைக் கட்டி வைத்திருக்கிறார்களோ, உள்ளே ஏதோ இருக்கிறது, இல்லையென்றால் ஒரு கடைக்காரர் இப்படியா பேசுவார், ஆவுடைக்குச் சந்தேகம் முளைத்து இலையும் விட்டது. ஒரு கல்லூரியைப் பற்றிக் கல்லூரியிடம் கேட்டால் தெரியாது, அங்கே மூன்று வருஷம் இருந்த பிள்ளை எப்படி ஆகியிருக்கிறது என்று கேட்டால் தெரிந்துவிடும், அதுதான் அவள் வழி, அவள் ஊர்ப் பெண் மாரிச்செல்வி இதே விடுதியில் மூன்றாம் வருஷம் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டிருந்தாள், அந்தப் பெயர்தான் இப்போது விடுதி வாசலில் இந்த ஒற்றைக் கண்ணுக்கு முன்னால் ஒருவழியாக வாயில் வருகிறது, மாரிச்செல்வின்னு ஒரு பிள்ளை, சங்கரன்கோவில், அது எப்படி, குணமெல்லாம் எப்படின்னு கொஞ்சம் கேக்கணும், கண் சுருங்கியது, கதவு இன்னும் கொஞ்சம் மூடியது, எதுக்கு, சும்மாதான், சும்மாதான்னா, பொண்ணு கேட்டு வந்தீங்களாக்கும், அந்தக் காவல்காரப் பெண் பாண்டியம்மாள் அப்படிக் கேட்டதும் ஆவுடை திகைத்துப்போய் இல்லை என்று சொல்வதற்குப் பதிலாகச் சிரித்து வைத்தாள், சிரித்ததுதான் தப்பாகப் போயிற்று, பாண்டியம்மாள் உள்ளே திரும்பி, ஏ பிள்ளைகளா, மாரிச்செல்விக்கு மாப்பிள்ள வீட்டுக்காரக வந்திருக்காக என்று ஒரு சத்தம் கொடுத்தாள்.

திபுதிபுவென்று செருப்புச் சத்தம், கதவிடுக்கில் நாலைந்து முகங்கள், தலைக்குக் குளித்துத் துண்டு சுற்றியிருந்த ஒருத்தி முன்னால் வந்தாள், மாரிச்செல்வியா ஆன்ட்டி, ஐயோ, அவளுக்குக் கோவம் வந்தா கையில கெடச்சதத் தூக்கி எறிவா, போன மாசம் எம் பக்கெட்டு போச்சு, கண்ணாடி போட்ட ஒருத்தி, சமையலா, சுடுதண்ணி வச்சாலே அடிப்புடிச்சிரும் ஆன்ட்டி, இன்னொருத்தி குரலைத் தாழ்த்தி, தூக்கத்துல எந்திரிச்சு நடப்பா, பாத்துக்கோங்க, பின்னாலிருந்து யாரோ, குறட்டையச் சொல்லுடி என்று எடுத்துக்கொடுத்தாள். ஆவுடை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள், இத்தனை வருஷத்தில் பொய்ப் புகழ்ச்சியை எவ்வளவோ கேட்டவள், பொய்யாகப் பழி சொல்வதை இன்றுதான் கேட்கிறாள், ஒருத்தி கண்ணும் அந்தப் பிள்ளையை வெறுக்கிற கண்ணாக இல்லை, சிரிப்பை அடக்கிக் கன்னம் உப்பியிருக்கிறது, ஆனால் கண்ணில் பயம், நிஜமான பயம், ஏம் பிள்ளைகளா இப்படிச் சொல்லுதீய என்று கேட்டாள், துண்டு கட்டியவள் சட்டென்று சிரிப்பை விட்டுவிட்டாள், அவ மேல படிக்கணும் ஆன்ட்டி, பரிட்சைக்கு ராவும் பகலுமாப் படிக்கிறா, இப்பப் போயி நல்ல பொண்ணுன்னு நாங்க சொல்லி, நீங்க பேசி முடிச்சுட்டா அவ என்ன பண்ணுவா, விட்ருங்க ஆன்ட்டி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

அதற்குள் வார்டன் வந்துவிட்டார், ரெஜினா மேடம் என்று பிள்ளைகள் விலகினார்கள், கனத்த உடம்பு, மூட்டுவலி நடை, படிக்கிற பிள்ளையப் பத்தி வெளியாளுக்கு ஒரு வார்த்தை சொல்ல மாட்டோம்மா, அவங்க அப்பா அம்மாவோட வாங்க, இப்பப் போய்ட்டு வாங்க, சொல்லிவிட்டுத் திரும்பியவர் நின்று, எந்த ஊரு, சங்கரன்கோவிலா, இந்த வெயில்லயா, சாப்பிட்டீங்களா என்றார், இல்லை என்று ஆவுடை சொல்லவில்லை, முகம் சொல்லியிருக்க வேண்டும், கதவுக்கு வெளியே வேப்பமர நிழலில் ஒரு நாற்காலி வந்தது, தட்டில் சாம்பார் சாதம் வந்தது, கொண்டுவந்தது அதே துண்டு கட்டியவள், ஆவுடைக்குப் பாதாம் பால் நினைவு வந்தது, கை தட்டுக்குப் போகாமல் நின்றது, எதுக்கும்மா எனக்குச் சோறு, இப்பத்தானே விரட்டுனீய, அவள் சொன்னாள், சோறு போடுவோம் ஆன்ட்டி, பொண்ணுதான் குடுக்க மாட்டோம். எதையோ வாங்கப் போடுகிற சோற்றுக்கும், எதையும் தரமாட்டேன் என்று சொல்லிப் போடுகிற சோற்றுக்கும் ருசியில் இவ்வளவு வித்தியாசம் இருக்குமா, தெய்வம் எந்தப் பிள்ளை கையில் எதைக் கொடுத்து அனுப்புகிறது என்று யார் கண்டார்கள், ஆவுடை ஒரு வாய் வைத்தாள், உப்பு கம்மிதான், வீட்டில் என்றால் சொல்லியிருப்பாள். தட்டைக் காலி செய்துவிட்டுத்தான் உண்மையைச் சொன்னாள், நான் பொண்ணு கேட்டு வரலட்டீ, எம் மகளை இங்க சேக்கலாமான்னு பாக்க வந்தேன், எல்லோரும் ஒரே நேரத்தில், ஐயய்யோ ஆன்ட்டி, மாரிச்செல்வி தங்கம் ஆன்ட்டி, சத்தியமா நடக்கவே மாட்டா, பக்கெட்ட ஒடச்சது நாந்தான், பாண்டியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள், வார்டன் மட்டும் சிரிக்கவில்லை, படிக்கப் போறது நீங்களா, பிள்ளையக் கூட்டிட்டு வாங்கம்மா என்கிறார், ஆவுடை துண்டு கட்டியவளின் கையைப் பிடித்துக்கொள்கிறாள், எம் மகளைக் கேட்டு யாராவது இப்படி வந்தா, அவள் கொஞ்சமும் யோசிக்கவில்லை, பேர மட்டும் சொல்லிட்டுப் போங்க ஆன்ட்டி, இப்பமே நல்ல குறையாப் பாத்து யோசிச்சு வைக்கிறோம்.

சாயங்காலம் கடையில் பேச்சிமுத்து தராசை நிறுத்திவிட்டுக் கேட்டார், விசாரிச்சியா, விசாரிச்சேன், என்ன சொன்னாக, ஒண்ணும் சொல்லமாட்டேன்னுட்டாக, அவர் விழித்தார், அப்பம்னா வேண்டாமா, அதனாலதாங்க, சேத்துருவோம், வடிவு மதினிக்குப் போன் போட்டு வர வேண்டாம்னு சொல்லிருங்க, உள்ளே பூக்கூடைக்குப் பின்னாலிருந்து நாச்சி எட்டிப் பார்க்கிறாள், குறையே இல்லையா யம்மா, இருக்கு, சாம்பார்ல உப்பு இல்ல. திங்கட்கிழமை, பெட்டியும் தலையணையும் அறையில் வைத்தாயிற்று, கட்டிலில் நாச்சி ஒருமுறை உட்கார்ந்து பார்த்தாயிற்று, வெளியே வந்து பத்தடி நடந்த ஆவுடைக்கு ஏதோ சொல்ல மறந்துவிட்டது போல இருக்கிறது, திரும்பி வருகிறாள், சின்னக் கதவு பாதி திறக்கிறது, ஒரு கண், ஒரு மூக்குத்தி, இனி பாக்கணும்னா ஞாயித்துக்கிழமதாங்கத்தா என்கிறாள் பாண்டியம்மாள், நான் அவ அம்மா, என்னைத் தெரியலயா, நல்லாத் தெரியுது, ஆத்தாளா இருந்தாலும் ஞாயித்துக்கிழமதான், என்ன சொல்லணுமோ எங்கிட்டச் சொல்லுங்க, ஆவுடை யோசிக்கிறாள், பஸ்ஸில் வழியெல்லாம் யோசித்துவைத்த புத்திமதியில் ஒன்றும் மிச்சமில்லை, நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லுங்க, சொல்லிர்றேன், கதவு மூடுகிறது, உள்ளே தாழ் விழுகிற சத்தம் கேட்கிறது, தெருவில் போகிறவர்கள் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்காமல், அந்த மூடிய கதவைப் பார்த்து ஆவுடையம்மாள் இரண்டு கைகளையும் கூப்பிக் கும்பிடுகிறாள்.